மணியாச்சி வீட்டில் மீண்டும் ஒலித்த காவடிச் சிந்து

மதுரையிலிருந்து தெற்கே வரும் இருப்புப்பாதை கோவில்பட்டியையும் கடம்பூரையும் கடந்து மணியாச்சிக்கு வந்ததும் இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று தூத்துக்குடிக்கும் மற்றொன்று திருநெல்வேலிக்கும் செல்லும். 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இந்தச் சந்திப்பில்தான். அதனாலேயே இன்று அதற்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர். சுற்றிலும் கரிசல் காடு. ஆடி மாதத்தில் காற்று வீசத் தொடங்கினால் வீட்டுக்குள் இருக்கும் செப்புக் குடத்தின் மீதும் மண் படிந்துவிடும்.

அந்த ஊரில், இரயில் ஓசை கேட்கும் தூரத்தில் என் தமையனாரின் வீடு இருக்கின்றது. அவர் சிவபதம் அடைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எழுபத்தெட்டு வயதான மதினி மட்டும் அங்கே இருக்கிறார்கள். மகன் அமெரிக்காவில், மகள் தூத்துக்குடியில். சென்ற கார்த்திகையில் அண்ணனின் திதிக்காக இரண்டு நாள் முன்னதாகவே போயிருந்தேன். கை கால் கழுவி உட்கார்ந்ததும் மதினி சொன்ன முதல் சொல், "உங்க அண்ணன் குரலும் போயிட்டுல்லா, தம்பி" என்பதுதான்.

அண்ணன் இசை பயின்றவர் அல்லர். ஆனால் கழுகுமலை முருகனிடம் அவருக்குப் பித்து உண்டு. பங்குனி உத்திரத்துக்கு ஆண்டு தவறாமல் கழுகுமலைக்கு நடந்தே போவார். வழியெல்லாம் காவடிச் சிந்துதான். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை வேலவன்மீது பாடிய அந்தச் சிந்துகள் எங்கள் பக்கத்தில் ஏட்டைப் பார்த்துக் கற்றவை அல்ல. நடந்த கால்களோடு சேர்ந்து கற்றவை. ரெட்டியார் இளம் வயதிலேயே மறைந்துவிட்டார். அவருடைய சந்தங்களோ இன்றும் காவடி தூக்குவோரின் நடைக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கின்றன. எண்பதுகளில் வளைகுடா நாட்டிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த டேப்ரிக்கார்டரில், அண்ணன் பாடிய சில சிந்துகளையும் கந்தர் அநுபூதியையும் ஒரு ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார்கள். அவர் குரலுக்கு இருந்த ஒரே சாட்சி அது.

சென்ற ஆண்டு அந்த நாடாவை ஒரு கடையில் கொடுத்து, சிறிய பாட்டுக் கருவியொன்றில் ஏற்றச் சொன்னார்களாம். தீப்பெட்டியளவுக் கருவி, காதில் செருகிக் கேட்கும் ஒயர் இரண்டு. ஏற்றி முடிக்கும் வேளையில் பழைய நாடா அறுந்து, பொடிப்பொடியாகப் போய்விட்டது. கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்து மதினி கேட்டபோது ஒன்றும் கேட்கவில்லை. வலது காதில் வெறும் அமைதி. இடது காது மதினிக்குப் பல ஆண்டுகளாகவே மந்தம். நாடாவும் போய், குரலும் போய்விட்டது என்று தாமே முடிவுகட்டிக்கொண்டு, அந்தக் கருவியைப் பூசை மாடத்தில் அண்ணனின் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். ஓராண்டாக யாரிடமும் சொல்லவும் இல்லை. மகனிடம் சொன்னால் வருத்தப்படுவானே என்பது காரணம்.

நான் கருவியை எடுத்து இரண்டு ஒயரையும் என் காதுகளில் செருகினேன். இடது காதில் அண்ணன் பாடிக்கொண்டிருந்தார்.

காரணம் மிக எளியது. பழைய டேப்ரிக்கார்டர்கள் பல ஒற்றை ஒலிவழி உடையவை. அவற்றிலிருந்து ஒற்றை வழி ஒயர் ஒன்றை இரட்டை வழியுள்ள புதிய கருவியில் செருகினால், ஒலி இடப் பக்கத்தில் மட்டும் பதியும். வலப் பக்கம் ஊமையாக இருக்கும். பதிந்தவர் இரு காதிலும் ஒயரை மாட்டிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அண்ணன் பாடிய பக்கமும் மதினிக்குக் கேளாத பக்கமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அதை யாரிடம் சொல்லி நோவது? ஒயரை மாற்றி, இடப் பக்கத்துக்குரியதை மதினியின் வலது காதில் வைத்தேன். ஒரு நிமிடம் கேட்டார்கள். பிறகு காதிலிருந்து எடுத்துவிட்டு, "காதுக்குள்ள பூச்சி மாதிரி இருக்கு தம்பி, வீட்டுல கேக்கணும்" என்றார்கள்.

அந்தச் சொல்லை நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். நம் வழிபாட்டில் பாட்டு ஒருவர் காதுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. ஓதுவார் பாடினால் மண்டபம் கேட்கும். வீட்டில் பாடினால் அடுக்களையில் நிற்பவருக்கும் கேட்கும். எங்கள் கரிசல் சீமை அதை நன்கு அறிந்தது. எட்டயபுரத்தில் 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் முத்துசுவாமி தீட்சிதர் சீடர்களைப் பாடச் சொல்லிக் கேட்டவாறே இறைவியின் திருவடி சேர்ந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் கோவில்பட்டி வட்டாரத்தில் எத்தனை திருவிழாக்களில், எத்தனை தெருக்களைத் தாண்டி ஒலித்திருக்கும்!

வீட்டில் கேட்க வேண்டுமென்றால் ஒலிப்பெட்டி வேண்டும். புதிதாக வாங்கலாம் என்று நான் கிளம்பியபோது, தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த பேரன் பரண்மேல் ஏறி ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினான். அதனுள்ளே, மகன் 2008-இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒலிபெருக்கி இருந்தது. நடுவில் ஒரு பள்ளம்; அதிலே பாட்டுக் கருவியை நிமிர்த்தி அமர்த்தினால் தானாகப் பாடும். அக்காலத்தில் இவ்வகைப் பெட்டிகள் பெருவழக்கு. ஆப்பிள் நிறுவனம் 2001 அக்டோபரில் ஐபாட் என்ற கருவியை வெளியிட்டது. 2003 முதல் அதன் அடியில் முப்பது முனைகள் கொண்ட ஒரு செருகுவாய் வந்தது. அதை அளவாகக் கொண்டு பல நிறுவனங்கள் வீட்டு ஒலிபெருக்கிகளைச் செய்தன; ஆப்பிளே 2006-இல் ஒன்றைச் செய்து மறு ஆண்டே நிறுத்திவிட்டது. 2012-இல் அந்தச் செருகுவாயின் வடிவம் சிறியதாக மாறியது. உலகமெங்கும் பள்ளம் வைத்த பெட்டிகள் பரண் ஏறின. ஐபாட் வரிசையையே 2022 மே மாதத்தில் நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டி பரண் ஏறியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆயுதபூசையன்று மதினி அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டிருக்கிறார்கள், சரியாக அந்தப் பள்ளத்தின் செப்பு முனைகளின் மேலே. பக்திக்குக் குறை சொல்லலாகாது. ஆனால் மின் கருவிக்குப் பொட்டிட விரும்பும் அன்பர்கள் அதன் நெற்றியைப் பார்த்து இடுதல் நலம், வாயில் இடலாகாது.

பள்ளம் போனால் போகட்டும் என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில் ஒரு சிறு வட்டத் துளை; 3.5 மில்லிமீட்டர். காதில் செருகும் ஒயரின் முனை எதுவோ அதே அளவு. கடைக்காரர்கள் இதை ஆக்ஸ் என்பார்கள். இரு முனையும் ஒரே மாதிரி உள்ள ஆக்ஸ் ஒயர் ஒன்றைக் கோவில்பட்டியில் வாங்கிவந்தான் பேரன். அதை மாட்டுவதற்கு முன்பு மின்சார அடாப்டரின் மேல் அச்சிட்டிருந்த எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம் நாட்டில் 230. அடாப்டரில் 100-240 என்று இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. 120 என்று மட்டும் இருந்தால் செருகிய கணமே புகைந்துபோகும். இதில் 100-240 என்றே இருந்தது. முருகன் அருள்.

பாட்டுக் கருவியின் ஒலியளவை முக்காலுக்கு வைத்து, மீதியைப் பெட்டியின் பொத்தானால் கூட்டிக்கொள்வது நல்லது. கருவியில் குறைத்துவைத்துப் பெட்டியில் கூட்டினால் இரைச்சல் மிகும்; இரண்டையும் முழுதாகக் கூட்டினால் குரல் கிழியும். வைத்தோம். அண்ணன் குரல் கூடத்தில் எழுந்தது. ஆனால் மதினி முகம் தெளியவில்லை. "சத்தம் கேக்கு, சொல்லுதான் விளங்கல" என்றார்கள்.

முதியோர் பலரும் சொல்லும் குறை இது. நானும் இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறேன். வயது ஏறும்போது காது முதலில் இழப்பது மேல்நிலை நுண்ணொலிகளைத்தான். உயிரொலிகள் பருமனானவை, அவை கேட்கும். ச, த, ப போன்ற மெய்கள் மெல்லியவை, அவை கரைந்துபோகும். அப்போது வீட்டார் ஒலியைக் கூட்டுகிறார்கள். கூட்டினால் பருமனான ஒலி இன்னும் பருத்து மெல்லியதை விழுங்கும். செய்ய வேண்டியது வேறு: பெட்டியில் பாஸ் என்ற கீழ்நிலை ஒலியைக் குறைக்க வேண்டும், ட்ரெபிள் என்பதைச் சற்று உயர்த்த வேண்டும். அதைவிட முக்கியமானது பெட்டி இருக்கும் இடம். நாங்கள் அதைச் சுவர் மாடத்துக்குள் வைத்திருந்தோம். பழைய வீட்டின் தடித்த சுவரில் குடைந்த மாடம், குடத்துக்குள் பேசுவதுபோல் ஒலியை உருட்டிவிடும். மூலையில் வைத்தாலும் அதே குற்றம்தான். எடுத்து, மதினி உட்காரும் பலகைக்கு எதிரே ஒரு முக்காலிமேல், காதின் உயரத்துக்கு, இரண்டு முழ தூரத்தில் வைத்தோம். வெறுந்தரையும் வெறுஞ்சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும் என்பதால் ஜமுக்காளத்தை விரித்துப் போட்டோம். ஒலியளவைக் கூட்டவே இல்லை, உண்மையில் குறைத்தோம்.

பூசையறைக்குள் வைக்கலாகாதா என்று மதினி கேட்டார்கள். விளக்கின் எண்ணெய்ப் புகையும் கற்பூரக் கரியும் ஒலிபெருக்கியின் வலைமுகத்தில் ஒட்டும். அதன்மேல் கரிசல் தூசியும் சேர்ந்தால் தோசைக்கல் ஆகிவிடும் என்றேன். பாடாத நேரத்தில் மட்டும் ஒரு மெல்லிய துணியைப் போர்த்திவைக்க இப்போது பழகிவிட்டார்கள்.

இப்படிப் பரணில் பெட்டி இல்லாதவர்கள் என்ன செய்வது என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். எச்.எம்.வி. என்று நாம் அறிந்த பழைய கிராமபோன் கம்பெனியின் இன்றைய பெயர் சரிகம. அந்நிறுவனம் 2017-இல் பழைய வானொலிப் பெட்டி போன்ற வடிவில் காரவான் என்றொரு பெட்டியை, 5000 இந்திப் பாடல்களை உள்ளேயே வைத்து வெளியிட்டது. பின்னர் தமிழுக்கும் வந்தது. குமிழைத் திருகினால் பாட்டு. நம் வயதினருக்கு அந்தக் குமிழ் பெரிய ஆறுதல். ஆனால் எந்த நிறுவனத்தின் 5000 பாடலிலும் நம் வீட்டார் குரல் இருக்காது. ஆகவே எந்தப் பெட்டி வாங்கினாலும் பென்டிரைவ் செருகும் இடமோ ஆக்ஸ் துளையோ உண்டா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே ஒரு கருவிக்கென்று பள்ளம் வைத்த பெட்டி, அந்தக் கருவியோடு உடன்கட்டை ஏறிவிடும். ஒயரில்லாத புளூடூத் வசதியைப் பிள்ளைகள் புகழ்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கைபேசியோடு இணைத்துப் பாடவிட்டால், அநுபூதியின் நடுவே அழைப்பு மணி அடிக்கும். ஒயர் அப்படிச் செய்யாது.

அண்ணன் குரல் இப்போது ஒரே ஒரு சிறு கருவியில் மட்டும் இருப்பது எனக்கு அச்சமாக இருந்தது. பேரன் அன்றிரவே அதைத் தன் மடிக்கணினியில் ஏற்றி, இடப் பக்க ஒலியை வலப் பக்கத்துக்கும் படியெடுத்தான். ஒரு பிரதி தூத்துக்குடிக்கும் ஒரு பிரதி அமெரிக்காவுக்குமாகப் பிரிந்தது. பழைய ஒலிநாடாக்கள் வீட்டில் உள்ளவர்கள் தயவுசெய்து தள்ளிப்போட வேண்டாம். நாடா ஆண்டுக்கு ஆண்டு பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும். படியெடுக்கும்போது கூடவே இருந்து, இரு காதிலும் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

திதியன்று ஐயர் விடைபெற்றுச் சென்று, எல்லோரும் உண்டபின், நண்பகல் வேளையில் பெட்டியை முடுக்கினோம். மதினி பலகையில் அமர்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ஆச்சியும் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது சிந்து பாதி பாடும்போது அண்ணன் திடீரென்று நிறுத்திவிட்டார். எனக்குத் திக்கென்றது; பதிவு அவ்வளவுதான் போலும் என்று எண்ணினேன். பேரனும் ஒயரைத் தொட்டுப் பார்த்தான். மதினி மட்டும் கையை உயர்த்தி, பொறுங்கள் என்பதுபோல் காட்டினார்கள். பெட்டிக்குள்ளிருந்து தொலைவில் ஓர் ஊதல்; பிறகு தடதடவென்று மீட்டர் கேஜ் வண்டி ஒன்று வெகுநேரம் கடந்து போயிற்று. அது ஓய்ந்ததும், விட்ட அடியிலிருந்து அண்ணன் மறுபடி எடுத்தார்.

"தூத்துக்குடி வண்டி" என்றார்கள் மதினி. "அது போற வரைக்கும் எப்பவும் நிறுத்திக்கிடுவாக."