வீட்டுச் சேவையகத்திற்கு ஒரு பெட்டி

ஊரில் எடுத்த ஒளிப்படங்களையும் பாட்டியின் குரல் பதிவுகளையும் வீட்டிலேயே சேமித்து, குடும்பத்தார் அனைவரும் தத்தம் கைப்பேசியில் காணவும் கேட்கவும் உதவும் கணினியே வீட்டுச் சேவையகம் ஆகும். இதற்கு விலை மிகுந்த கணினி வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4 என்னும் சிறு கணினியும் ஒரு வன்தட்டும் போதும்.

அக்கணினி 85 மி.மீ. நீளமும் 56 மி.மீ. அகலமும் உடைய ஒற்றை மின்சுற்று அட்டையே. தூசி படியாமல் அதனைக் காக்க, பிளைவுட்டால் பெட்டி செய்யலாம். உலோகப் பெட்டி வைஃபை அலைகளைத் தடுக்கும். அட்டையின் அடிப்புறம் உலோகத்தில் பட்டால் மின்குறுக்கும் நேரும். ஆதலின் மரமே ஏற்றது. அட்டையின் நான்கு திருகுத் துளைகளிலும் நெகிழித் தாங்கிகளைப் பொருத்தி, அதனைப் பெட்டியின் தரையில் படாதவாறு நிறுத்துக. அறுப்பதையும் துளையிடுவதையும் பெரியோர் துணையுடன் செய்க.

முழுதும் மூடிய பெட்டியே பாதுகாப்பானது எனத் தோன்றும். அஃது உண்மையன்று. இடைவிடாது இயங்கும் செயலி வெப்பத்தை வெளியிடும். வெப்பநிலை 80 பாகை செல்சியசை எட்டினால், செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தில்லிக் கோடையில் அறைக் காற்றே சூடாக இருக்குமன்றோ? சூடான காற்று மேலெழும் இயல்புடையது. எனவே பக்கங்களின் கீழ்ப்பகுதியிலும் மூடியிலும் துளைகள் இடுக. கீழே புதுக்காற்று நுழையும். மேலே வெப்பக்காற்று வெளியேறும்.

பெட்டி எத்துணை நன்றாக அமைந்தாலும் வன்தட்டு ஒருநாள் பழுதாகலாம். பாட்டியின் குரலுக்கு வேறோர் இடத்திலும் ஒரு படி இருக்கட்டும்.