எஸ்.யூ.வி. வாங்க போறீங்களா? ரூ.25 ஆயிரம் ஆசைக்கு ரூ.54 ஆயிரம் கூடுதல் வரி!- எந்த ‘வேரியண்ட்’ எடுக்கலாம்?

சென்னை,

"இன்னும் ஒரு லட்சம் போட்டா டாப் எண்டே எடுத்துடலாம் சார். சன் ரூப் வரும், பெரிய டச் ஸ்கிரீன் வரும். மாச டியூவுல ஆயிரத்து சொச்சம்தான் கூடும்."

கார் ஷோரூமுக்கு குடும்பத்தோடு போய் வந்த எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடம். பிள்ளைகள் அதற்குள் சன் ரூப் கண்ணாடியை திறந்து பார்த்து விடுவார்கள். வீட்டுக்கார அம்மாவுக்கு கலர் பிடித்து போயிருக்கும். அப்பா மட்டும் மனதுக்குள் கணக்கு போட்டுக்கொண்டு நிற்பார்.

ஒரே கார்தான். ஆனால் பேஸ் மாடல், நடு மாடல், டாப் எண்ட் என்று நாலைந்து வேரியண்ட். மாருதியில் எல்.எக்ஸ்.ஐ., வி.எக்ஸ்.ஐ., இசட்.எக்ஸ்.ஐ. என்பார்கள். டாடா நெக்சானில் ஸ்மார்ட், பியூர், கிரியேட்டிவ் என்பார்கள். மகிந்திராவில் எம்.எக்ஸ்., ஏ.எக்ஸ். என்று எழுத்தும் நம்பருமாக இருக்கும். பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். எதை கூட சேர்த்து கொடுக்கிறார்கள், அதற்கு எவ்வளவு வாங்குகிறார்கள்?

10 லட்சம் என்ற கோடு

முதலில் பணத்தை பார்ப்போம். ஷோரூமில் யாரும் வாய் திறந்து சொல்லாத விஷயம் இதுதான்.

தமிழ்நாட்டில் கார்களுக்கான வாழ்நாள் வரி 2023-ம் ஆண்டு நவம்பரில் மாற்றப்பட்டது. அதன்படி ரூ.5 லட்சம் வரை விலை உள்ள காருக்கு 12 சதவீதம். ரூ.5 லட்சத்துக்கு மேல் ரூ.10 லட்சம் வரை 13 சதவீதம். ரூ.10 லட்சத்தை தாண்டினால் 18 சதவீதம். ரூ.20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், 10 லட்சத்துக்கு மேலே உள்ள தொகைக்கு மட்டும் 18 சதவீதம் அல்ல. மொத்த விலைக்கும் சேர்த்துத்தான்.

உதாரணத்துக்கு ஒரு நடு மாடலின் விலை ரூ.9 லட்சத்து 95 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். வாழ்நாள் வரி ரூ.1 லட்சத்து 29 ஆயிரத்து 350. அதற்கு அடுத்த வேரியண்ட் ரூ.10 லட்சத்து 20 ஆயிரம். வரி ரூ.1 லட்சத்து 83 ஆயிரத்து 600. கார் விலையில் வித்தியாசம் வெறும் 25 ஆயிரம். வரியில் வித்தியாசம் 54 ஆயிரத்து 250!

அதோடு முடியவில்லை. ரூ.10 லட்சத்தை தாண்டும் காருக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். என்று பிடிப்பார்கள். மேலே சொன்ன காருக்கு ரூ.10 ஆயிரத்து 200. இது வருமான வரி கணக்கு தாக்கல் செய்கிறவர்களுக்கு கழித்துக்கொள்ளவோ, திரும்ப வாங்கவோ வழி உண்டு. கணக்கே காட்டாதவருக்கு அந்த பணம் போனது போனதுதான்.

ஆக, 25 ஆயிரம் ரூபாய் ஆசை கையில் இருந்து 89 ஆயிரத்து 450 ரூபாயை கொண்டு போகிறது. இதையும் லோனில் சேர்த்தால்? 9 சதவீத வட்டி, 7 வருஷம் என்றால் ஒரு லட்சத்துக்கு மாத டியூ சுமார் ரூ.1,609. அந்த 89 ஆயிரத்துக்கு மாதம் சுமார் ரூ.1,440. ஒரு வீட்டின் கேஸ் சிலிண்டரும் பால் கார்டில் பாதியும் அதிலேயே அடங்கி விடும்.

இரட்டை கலர் பெயிண்டுக்கு தனி விலை வாங்கும் கம்பெனிகள் உண்டு. கூரை மட்டும் கருப்பாக இருந்தால் ஜோராக இருக்கும் என்று ஆசைப்பட்டு 10 லட்சம் கோட்டை தாண்டி விடாதீர்கள். எக்ஸ் ஷோரூம் விலையை எழுதி வாங்கி, வரியை வீட்டில் உட்கார்ந்து நீங்களே பெருக்கி பாருங்கள்.

என்ஜினிலும் விஷயம் இருக்கு

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி முதல் ஜி.எஸ்.டி. மாறியது. 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் இருந்தால் 18 சதவீதம். அதை தாண்டினால் 40 சதவீதம். நெக்சான் பெட்ரோல் என்ஜின் 1,199 சி.சி. அதனால் 18-ல் வருகிறது. பிரெஸ்சாவும் 4 மீட்டருக்கு உள்ளேதான். ஆனால் பெட்ரோல் என்ஜின் 1,462 சி.சி. என்பதால் 40 சதவீதம். பொலிரோ டீசல் 1,493 சி.சி., 18 சதவீதம். இந்த வரி எக்ஸ் ஷோரூம் விலையிலேயே சேர்ந்து வந்து விடும். எனவே தனியாக பயப்பட வேண்டியதில்லை. ஒரே பட்ஜெட்டில் ஒரு காருக்கு பேஸ் மாடலும் இன்னொரு காருக்கு நடு மாடலும் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னால் மாட்ட முடியாதது எது?

வேரியண்ட் எடுக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கம்பெனி தரும் நோட்டீசை வைத்துக்கொண்டு பேனாவால் இரண்டாக பிரியுங்கள். வெளியே வாங்கி மாட்டக்கூடியது ஒரு பக்கம். எவ்வளவு காசு கொடுத்தாலும் பின்னால் மாட்ட முடியாதது இன்னொரு பக்கம்.

டச் ஸ்கிரீன், ஸ்பீக்கர், ரிவர்ஸ் கேமரா, சீட் கவர், மேட், அலாய் வீல் எல்லாம் முதல் பக்கம். சென்னை ஜி.பி. ரோட்டுக்கு போனால் இதெல்லாம் வரிசையாக கடை போட்டு விற்கிறார்கள். ஒயரை வெட்டி ஒட்டாமல், பிளக்கில் சொருகும் மாதிரி பார்த்து வாங்க வேண்டும். ஒயரை வெட்டினால் வாரண்டி தகராறு வரும். முன்னால் இரும்பு பம்பர் வேண்டவே வேண்டாம். 2017-ம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு அதை தடை செய்தது. இடித்தால் ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் அது கெடுக்கும்.

இரண்டாவது பக்கம்தான் முக்கியம். கூடுதல் ஏர்பேக், வண்டி வழுக்காமல் பிடிக்கும் இ.எஸ்.சி., பின் சீட்டுக்கு ஏ.சி. காற்று வரும் துவாரம், பின் சக்கர டிஸ்க் பிரேக். இதெல்லாம் பாக்டரியில் வந்தால்தான் உண்டு.

முன்னால் 2 ஏர்பேக், ஏ.பி.எஸ்., ரிவர்ஸ் சென்சார், சீட் பெல்ட் போடாவிட்டால் கத்தும் அலாரம், 80 கிலோ மீட்டர் வேகத்தை தாண்டினால் ஒலிக்கும் பீப். இவை சட்டப்படி எல்லா காரிலும் இருந்தே ஆக வேண்டும். பேஸ் மாடலிலும் உண்டு. "எங்க வண்டியில ரிவர்ஸ் சென்சாரே வருது சார்" என்று பெருமையாக சொன்னால் சிரித்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு போங்கள்.

ஹூண்டாய் நிறுவனம் 2023-ம் ஆண்டு அக்டோபர் முதல் எல்லா கார், எல்லா வேரியண்டுக்கும் 6 ஏர்பேக் என்று அறிவித்தது. நெக்சான், எக்ஸ்.யூ.வி. 3எக்ஸ்.ஓ. கார்களிலும் பேஸ் மாடலிலேயே 6 உண்டு. இப்படிப்பட்ட காரில் பாதுகாப்புக்காக மேலே போக வேண்டிய அவசியம் குறைவு. வேறு காரில் மேல் வேரியண்டில்தான் 6 என்றால், அந்த ஒரு படி ஏறுவது வீண் செலவு கிடையாது. கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவில் பிள்ளைகளோடு இறங்கும்போது இ.எஸ்.சி.யின் அருமை தெரியும். சன் ரூப் அங்கே உதவிக்கு வராது.

எத்தனை ஏர்பேக் இருந்தாலும் பெல்ட் போடாமல் பயன் இல்லை. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந்தேதி தொழில் அதிபர் சைரஸ் மிஸ்திரி விலை உயர்ந்த காரில்தான் இறந்தார். பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார். பாட்டியும் பிள்ளையும் உட்காரும் பின் சீட்டு பெல்ட்டை ஷோரூமிலேயே இழுத்து மாட்டி பாருங்கள். நடு சீட்டுக்கும் தோள் வழியாக வரும் பெல்ட்டா, இடுப்பு பெல்ட் மட்டுமா என்று கேளுங்கள்.

வெயில், மழை, தூசி

நம்ம ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் பின் சீட்டு ஏ.சி. துவாரம் ஆடம்பரம் அல்ல. முன்னால் இருப்பவருக்கு குளிரும், பின்னால் குழந்தைக்கு வியர்க்கும். இதற்காகவே நடு மாடலுக்கு போகலாம். பின் கண்ணாடி வைப்பரும் அப்படித்தான். எஸ்.யூ.வி.யின் முதுகு செங்குத்தாக இருப்பதால், ஓடும்போது பின்னால் சுழலும் காற்று தூசியையும் சேற்றையும் அள்ளி கண்ணாடியில் அப்பும். மழையில் பின்னால் வருவது லாரியா பஸ்சா என்றே தெரியாது.

சன் ரூப்? இது நம் கருத்து: வெயில் கொளுத்தும் ஊரில் தலைக்கு மேல் கண்ணாடி எதற்கு? வருஷத்தில் நாலு நாள் திறப்போம். பிள்ளைகள் அதில் எழுந்து நின்று கை காட்டுவார்கள். திடீர் பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பதறுகிறது.

தினமும் டிராபிக்கில் ஓட்டுகிறவர், முழங்கால் வலி உள்ளவர் என்றால் ஆட்டோமேட்டிக் பற்றி யோசிக்கலாம். சி.என்.ஜி. என்றால் டிக்கி இடம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று திறந்து பார்த்து விடுங்கள். ஊருக்கு போகும்போது அரிசி மூட்டை எங்கே வைப்பது?

கையெழுத்து போடும் முன்

ஆன்ரோடு விலையை மொத்தமாக சொன்னால் ஏற்காதீர்கள். எக்ஸ் ஷோரூம், வாழ்நாள் வரி, இன்சூரன்ஸ், டி.சி.எஸ்., அக்சசரிஸ் என்று பிரித்து எழுதி தர சொல்லுங்கள். இன்சூரன்சை அங்கேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியேயும் விலை கேட்கலாம். ‘5 ஸ்டார்’ என்றால் பாரத் என்கேப் சான்றிதழை கேளுங்கள். அந்த மார்க் எந்தெந்த வேரியண்டுக்கு பொருந்தும் என்று அதிலேயே இருக்கும்.

வண்டி எடுக்கும் அன்று மாலை, பூஜை, போட்டோ என்று பரபரப்பாக இருக்கும். அதற்கு முன்னால் பில்லில் எழுதியிருக்கும் வேரியண்ட் பெயரையும், சேசிஸ் நம்பரையும் வண்டியோடு ஒத்து பார்த்து விடுங்கள். எலுமிச்சம்பழத்தை அதற்கு அப்புறம் வைக்கலாம்.