மீன் தொட்டிக்கு ஒரு மரத் தாங்கி

வீட்டில் மீன் வளர்க்க விரும்பும் சகோதரிகள், மீன் வாங்குமுன் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்க வேண்டும். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரமான தொட்டி ஏறத்தாழ 127 லீற்றர் நீர் கொள்ளும். ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் மொத்தம் 150 கிலோவுக்கு வந்துவிடும். மூன்று சீமெந்து மூடைகளின் பாரம் அது. இதைப் படிக்கும் மேசைமேல் வைப்பது ஆபத்து. எங்கள் வீட்டில் தொட்டிக்கு முன்னால் எந்நேரமும் உட்கார்ந்திருப்பவள் என் சின்னத் தங்கை. ஆகவே வாப்பாவும் நானும் எலுவன்குளத்து வீட்டு முற்றத்திலேயே ஒரு தாங்கி செய்தோம்.

முதலில் மரம். எமது ஊருக்கு அருகிலுள்ள வில்பத்துக் காட்டில் பாலையும் முதிரையும் நிற்கின்றன. அவற்றை வெட்டுவது சட்டப்படி குற்றம். பழைய வீடு உடைத்த மரம் போதும். நன்றாகக் காய்ந்திருப்பதால் அது பிறகு வளையாது. கறையான் அரித்த துண்டுகளை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும்.

இரண்டுக்கு மூன்று அங்குல மரத்தில் மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், நான்கு கால்கள். இதில் முக்கியமானது, மேற்சட்டம் கால்களின் தலைமேல் உட்கார வேண்டும் என்பதே. காலின் பக்கவாட்டில் சட்டத்தை வைத்துத் திருகினால் முழுப் பாரமும் திருகாணிகளில் தொங்கும். நிமிர்ந்து நிற்கும் மரமோ நெடுக்கில் வரும் பாரத்தை எளிதாகத் தாங்கும். திருகாணியின் வேலை மரத்தை நகராமல் பிடிப்பது மட்டுமே. களப்புப் பக்கத்து உப்புக் காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். நாங்கள் பித்தளைத் திருகாணி போட்டோம்.

நான்கு ஈர்க்குகளை நூலால் கட்டிச் சதுரம் செய்து மெல்லத் தள்ளிப் பாருங்கள், சரிந்துவிடும். குறுக்கே மூலைக்கு மூலை இன்னொன்றைக் கட்டினால் சரியாது. முக்கோணத்தின் பலம் அது. தாங்கியின் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் அவ்வாறே குறுக்குச் சட்டம் அடிக்க வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் தாங்கியைச் சுவரோடும் பிணைத்துவிடுவது நல்லது.

மேலே தடித்த பலகை, அதன்மேல் ரெஜிஃபோம் தாள், பிறகு தொட்டி. பலகையில் ஒரு சிறு மேடு இருந்தாலும் கண்ணாடி அந்த இடத்தில் வெடிக்கும். தாள் அந்த மேட்டை உள்வாங்கிக்கொள்ளும். நீர் சிந்தும் என்பதால் மரம் முழுவதற்கும் வார்னிஷ் பூசிக் காயவிட வேண்டும்.

கடைசியாக, தொட்டியில் இரண்டு அங்குலம் நீர் விட்டு நான்கு மூலைகளிலும் ஆழத்தை அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நீரை அகற்றி, தாங்கியின் காலுக்கு அடியில் மெல்லிய மரத்துண்டு வைத்துச் சமப்படுத்துங்கள். தொட்டிக்கு அடியில் எதையும் செருகக் கூடாது. பிறகு பாதி நீர் நிரப்பி ஒரு நாள், முழுவதும் நிரப்பி இன்னொரு நாள் பொறுத்திருங்கள். கசிவும் ஆட்டமும் இல்லையென்று கண்ட பின்னரே மீனை விடலாம். வாயில்லா அந்த உயிர்கள் நம் கையில் தரப்பட்ட அமானிதம் அல்லவா?