கடவுள் அவனா, அவளா? பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கும்போது

லாசப்பலில் மாணிக்க விநாயகர் தேர் பார்த்துவிட்டு வீடு திரும்பும் எமது பிள்ளைகளின் கேள்விகள் மாறிவிட்டன. முன்பு, ஏன் வீதியில் இவ்வளவு தேங்காய் உடைக்கிறோம் என்று கேட்டார்கள். இப்போது, பாட்டில் வரும் கடவுள் 'இல்'லா, 'எல்'லா என்கிறார்கள். அதாவது அவனா, அவளா.

அவர்களைக் குறைசொல்ல முடியாது. எத்தனை பெண்கள் நின்றாலும் நடுவில் ஓர் ஆண் இருந்தால் ஆண்பால் பன்மைதான் என்று பிரெஞ்சுப் பாடசாலையில் படிப்பிக்கிறார்கள். அதற்கு மாற்றாகச் சொல்லின் நடுவே புள்ளி வைத்து இரு பாலையும் எழுதும் வழக்கம் வந்தது. 2021 மே மாதத்தில், பாடசாலைகளில் அது வேண்டாம் என்று கல்வி அமைச்சு சுற்றறிக்கை விட்டது. அதே ஆண்டு நவம்பர் 28 இல் கத்தோலிக்கத் திருப்பலி நூலின் புதிய பிரெஞ்சு மொழிபெயர்ப்பு கட்டாயமானது. பாவ அறிக்கையில் 'சகோதரர்கள்' மட்டும் இருந்த இடத்தில் சகோதரிகளும் வந்து சேர்ந்தார்கள். எமது கத்தோலிக்க உறவுகளுக்கு இது புதிதல்ல. 1995 இல் வெளிவந்த தமிழ்த் திருவிவிலியம், பவுலின் திருமுகங்களில் பல இடங்களில் சகோதரிகளையும் சேர்த்தே அழைக்கிறது. இந்த விடயத்தில் தமிழ் 26 ஆண்டுகள் முந்திவிட்டது.

யூதர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. எபிரேயத்தில் 'நீ' என்ற சொல்லுக்கே ஆண்பாலும் பெண்பாலும் உண்டு. கடவுளைக் கூப்பிட வாய் திறந்தாலே ஒன்றைத் தெரிந்தாக வேண்டும்; மரபில் அது ஆண்பால். நின்றபடி சொல்லும் அவர்களின் முதன்மை மன்றாட்டு ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்ற முன்னோரின் பெயர்களோடு தொடங்கும். தாராளவாதச் சபைகள் பலவற்றில் சாரா, ரெபேக்கா, ராகேல், லேயா என்ற அன்னையரின் பெயர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மரபுவழிச் சபைகள் அதை ஏற்பதில்லை. பிரான்சின் முதல் பெண் ராபியான போலின் பெப் 1990 இல்தான் அந்தப் பட்டம் பெற்றார்.

எமக்கு இந்த இடத்தில் ஒரு வசதி இருக்கிறது. அதை நாம் கவனிப்பதேயில்லை. தமிழில் 'நான்', 'நீ' இரண்டுக்கும் பால் இல்லை. 'அடியேன்' என்று சொல்பவர் ஆணும் ஆகலாம், பெண்ணும் ஆகலாம். 'அடியார்', 'ஓதுவார்' என்ற சொற்களும் அப்படியே. திருவெம்பாவையைப் பாருங்கள். பாடியவர் மாணிக்கவாசகர், பாட்டில் பேசுபவர்கள் ஒருவரையொருவர் எழுப்பும் இளம்பெண்கள். ஊரில் மார்கழி விடியற்காலையில் சங்கும் சேமக்கலமுமாக அதைப் பாடிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனவர்கள் பெரும்பாலும் பெடியள்தான். தோழியைக் கூப்பிட அவர்கள் ஒருவரும் வெட்கப்பட்டதில்லை. (குளிருக்குத்தான் நடுங்கினார்கள்.)

ஆனால் முழுப் பெருமையும் எமக்கில்லை. சம்பந்தரின் முதற் பதிகத்தில் இறைவனின் காதில் பெண்கள் அணியும் தோடு இருக்கிறது. உமை பாதியானவர் என்பதற்கு அது அடையாளம். அப்படியிருந்தும் அவரைக் குறிக்கும் சொற்கள் 'அன்' என்றுதான் முடிகின்றன. அறுபத்துமூன்று நாயன்மாரில் காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என்று மூவரே பெண்கள். 'ஓதுவார்' என்ற சொல்லுக்குப் பால் இல்லாவிட்டாலும், 2021 இல் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோவிலில் சுகாஞ்சனா என்ற இளம்பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்டபோது அது பத்திரிகைச் செய்தியாயிற்று.

எமது கவலை மொழிபெயர்ப்பில்தான். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பதிகத்தைப் பிரெஞ்சில் விளக்கும்போது 'அவர்' என்பது நாம் யோசிக்காமலே 'இல்' ஆகிவிடுகிறது. அடியாரும் ஆணாகிவிடுகிறார். தோடு அணிந்த காது அந்த விளக்கத்தில் காணாமற் போகிறது. நூற்றாண்டுகளாக அம்மையப்பன் என்று நாம் சொல்லிவந்ததை எமது சமையலறை மேசையிலேயே தொலைத்துவிடுகிறோம்.

ஆகவே சில வீடுகளில் வேறுவிதமாகச் செய்து பார்க்கிறோம். கடவுளைப் பற்றி விளக்காமல், பாட்டில் இருப்பதுபோலவே கடவுளோடு பேசவிடுகிறோம். பிரெஞ்சிலும் 'நீ' என்பதற்குப் பால் இல்லை. அம்மையப்பன் என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டு, முதலில் அம்மா, பிறகு அப்பா என்று பிரித்துக் காட்டுகிறோம். சென்ற முறை அப்படிக் காட்டியபோது சின்னவள் கேட்டாள்: அப்படியென்றால் கோவிலில் ஒலிவாங்கியை ஏன் எப்போதும் மாமாமார்தான் வைத்திருக்கிறார்கள்? அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.