குழந்தைக்குப் பவுடர் அவசியமா?



வடபழனியிலுள்ள நமது மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கு நீங்கள் அனுப்பும் அன்பின் பொட்டலங்களில், பழைய வேட்டித் துணி, குழந்தைச் சட்டை, சோப்பு இவற்றோடு ஒரு டப்பா பவுடரும் தவறாமல் இருக்கும். "பவுடரால் புற்றுநோய் வரும் என்கிறார்களே, உண்மையா?" என்று தாய்மாரும், அனுப்பிய சகோதரிகளும் எங்களைக் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாக இதை எழுதுகிறோம்.

டால்க் என்பது பூமியிலிருந்து வெட்டி எடுக்கப்படும் மிக மென்மையான ஒரு கனிமம். நம் பாட்டிமார் குழம்பு வைத்த கல்சட்டி மாக்கல்லால் ஆனது. அந்த மாக்கல்லின் வழுவழுப்புக்குக் காரணம் டால்க்தான். நம் நாட்டில் இது ராஜஸ்தானில் அதிகமாகக் கிடைக்கிறது.

டால்க் வேறு, ஆஸ்பெஸ்டாஸ் வேறு. ஆனால் இரண்டும் ஒரே பாறையில் அருகருகே உண்டாகக்கூடியவை. வெட்டும்போது கவனம் தவறினால் ஆஸ்பெஸ்டாஸும் டால்க்கோடு சேர்ந்து அரைபட்டுவிடும். கூரை ஷீட்டுகளில் சிமெண்டோடு கலக்கப்படும் கல்நார்தான் இது. அதன் நுண்ணிய இழைகளுக்கு நிறமோ மணமோ தெரியாது. மூச்சோடு உள்ளே போனால் எளிதில் கரையாமல் தங்கிவிடும். நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா, பெண்களின் சினைப்பைப் புற்றுநோய் ஆகியவற்றை ஆஸ்பெஸ்டாஸ் உண்டாக்கும் என்பது நிரூபிக்கப்பட்டது. நோய் வெளிப்பட 20 முதல் 40 வருடங்கள்கூட ஆகலாம்.

2019-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்திய டால்கம் பவுடர் மாதிரிகள் சிலவற்றில் ட்ரெமோலைட் என்ற ஆஸ்பெஸ்டாஸ் வகை காணப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்க அரசின் சோதனையில் ஜான்சன் அண்ட் ஜான்சன் குழந்தைப் பவுடரின் ஒரு மாதிரியில் ஆஸ்பெஸ்டாஸ் தென்பட, அந்த நிறுவனம் சுமார் 33,000 டப்பாக்களைத் திரும்பப் பெற்றது. தங்கள் பவுடரில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்பதே நிறுவனத்தின் நிலை. நம் நாட்டு அரசு எடுத்த மாதிரிகளிலும் அது காணப்படவில்லை என்று 2019 பிப்ரவரியில் அறிவித்தது. என்றாலும் 2023-ல் உலகெங்கும் டால்க்கை நிறுத்தி, சோளமாவுக்கு மாறிவிட்டது.

ஆஸ்பெஸ்டாஸ் கலவாத டால்க் பாதுகாப்பானதா? சுமார் 2,50,000 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2020-ல் வெளியான ஆய்வு, பவுடருக்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் உறுதியான தொடர்பைக் காணவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2024-ல் டால்க்கை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற வகையில் சேர்த்தது. எனவே இதுவரை பூசியவர்கள் கலங்க வேண்டியதில்லை. இனிமேல் தவிர்ப்பதே ஞானம்.

குழந்தைக்குப் பவுடர் அவசியமே இல்லை. எந்தப் பவுடரானாலும், தூளாகப் பறப்பது சின்ன நுரையீரலுக்கு ஆகாது. குளிப்பாட்டியபின் கழுத்து, அக்குள், தொடை மடிப்புகளில் ஈரம் தங்காமல் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பெண்கள் மறைவிடத்தில் பவுடர் போட வேண்டாம். முகப்பவுடர் வாங்குகிறவர்கள், டப்பாவில் அச்சிட்டுள்ள சேர்மானங்களில் டால்க் இருக்கிறதா என்று பாருங்கள். பல வாரங்களாக வயிறு உப்புசமோ அடிவயிற்று வலியோ நீடித்தால், பவுடர் பூசியவரானாலும் இல்லாவிட்டாலும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் சிறியது. அடுத்த பொட்டலத்தில் பவுடர் டப்பாவுக்குப் பதிலாக, துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தித் துணி இரண்டு வையுங்கள். ஏழைத் தாய் ஒருத்திக்கு அதுவே பேருதவி. உங்கள் சபைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்திலும் இச்செய்தியை வாசித்துச் சொல்லுங்கள்.

வார்டிலுள்ள தாய்மாரையும் சிசுக்களையும் ஜெபத்தில் தாங்குங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.