பயிற்றுமொழியும் எச்சத் தொடரும்

தமிழ்வழிப் பள்ளியிற் பயின்று, ஆங்கிலவழிக் கல்லூரியில் அறிவியல் கற்கப் புகும் மாணவர் முதலாண்டில் இடர்ப்படுதல் யாவரும் அறிந்ததே. அவ்விடர்க்குக் காரணம் கலைச்சொல் என்பர் பலர். 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோர் கலைச்சொல்லாக்கத்திற்கெனச் சங்கம் கண்ட நாள் தொட்டு, 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்புத் தொடங்கிய காலத்தைக் கடந்தும், பயிற்றுமொழி பற்றிய வழக்குப் பெரும்பாலும் சொல்லைச் சுற்றியே நிகழ்ந்தது. யாம் அக்கருத்தை முழுதும் உடன்படுகின்றிலம். ஒளிச்சேர்க்கை எனப் பயின்றோர் அதனைப் போட்டோசிந்தசிஸ் என மாற்றிக்கோடல் சில திங்களில் முடிவதொன்று. பொருள் முன்னரே உள்ளத்திற் படிந்துள்ளதன்றோ? இடர் தொடரமைதியிற் கிடக்கின்றது.

பாயில் விதியை நோக்குவோம். வெப்பநிலை மாறாதிருப்பின், குறித்த அளவு வாயுவின் பருமன் அதன் அழுத்தத்திற்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும் என்பது தமிழ். ஈண்டு நிபந்தனை வினையெச்சமாய் முன்வர, முற்றுவினை இறுதிக்கண் நின்று கருத்தை முடிக்கின்றது. ஆங்கிலத்திலோ முடிபு முதற்கண் வந்துவிட, நிபந்தனை 'ப்ரொவைடட்' என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு கடைசியில் வருதல் பெருவழக்கு. முற்றுக் கேட்டதும் தொடர் முடிந்ததெனக் கொள்ளும் தமிழ்ச் செவிக்கு எஞ்சிய பகுதி மிகையாகவே படும். குறிப்பெடுக்கும் விரைவில் அது விடுபடும். விடுபடவே விதி பிழைபடும். 'அன்லெஸ்' என்பது இதனினும் இடர் விளைப்பது. 'புறவிசை தாக்கினாலன்றி' என்னுமிடத்து எதிர்மறை வெளிப்பட நிற்க, ஆங்கிலச் சொல் அதனைத் தன்னுட் கரந்து வருகின்றது.

இயற்பியல் பயிலும் மாணவி ஒருத்தி, வாய்மொழித் தேர்வில் இந்நிபந்தனையை விட்டுரைத்து, விதியே அறியாதவள் என மதிப்பெண் இழந்தாள். எம்மிடம் வந்தபோது அதனைத் தமிழிற் கூறுக என்றோம். வெப்பநிலையிலேயே தொடங்கினாள்! குறை இயற்பியலில் இல்லை என்பதை அவளே அப்போதுதான் உணர்ந்தாள். அதுவரை தன் அறிவையே ஐயுற்றிருந்தனள்.

இவ்விடர் மொழியிடர் என்று காட்ட வல்லவர் இயற்பியற் பேராசிரியர் அல்லர். எச்சமும் முற்றும் கற்பிக்கும் நாமே. ஆதலின், அறிவியல் மாணவர்க்குரிய பகுதி 1 தமிழ் வகுப்பில் வாரம் ஒரு மணி, அவர்தம் பாடநூல் தொடர்களையே கொணர்வித்து, நிபந்தனை யாது, முடிபு யாது எனப் பகுத்து, இருமொழியிலும் எதிரெதிர் எழுதுவித்து வருகின்றோம். பெயரெச்சத் தொடர்களை இன்னும் தொடவில்லை. பெயருக்குப் பின் நீளும் ஆங்கில அடைகளை நோக்க, அப்பகுதி இதனினும் கடிதாகவே இருக்கும்.