குளிர்காலத்தில் கோழித் தீவனத் தொட்டி: தேர்வும் பராமரிப்பும்

கோழி வளர்ப்பில் ஆகும் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறது. நாமக்கல் பகுதி முட்டைப் பண்ணைகளில் கூண்டின் முன்பாக நீண்ட தொட்டி அமைத்துத் தீவனம் இடுகிறார்கள். ஆனால் ராசிபுரம், ஆத்தூர், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் 20, 30 நாட்டுக்கோழிகள் வளர்க்கும் சிறு விவசாயிகளில் பலர் தரையில் இறைத்தோ, பழைய தட்டில் கொட்டியோ தீவனம் கொடுக்கிறார்கள். குளிர் மிகுந்த மார்கழி, தை மாதங்களில் உடல் வெப்பத்தைக் காக்கக் கோழிகள் கூடுதலாகத் தின்னும். ஆகவே தீவனம் வீணாகாமல் காக்கச் சரியான தொட்டி அவசியம்.

எவ்வளவு வீணாகிறது?

கோழி அலகால் தீவனத்தைக் கிளறி வெளியே தள்ளும் இயல்புடையது. தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 30 சதவீதம் வீணாகும். முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக, மூன்றில் இரு பங்கு நிரப்பினால் 10 சதவீதமும், பாதியளவு நிரப்பினால் 3 சதவீதமும், மூன்றில் ஒரு பங்கு நிரப்பினால் 1 சதவீதமும் வீணாகும். கொட்டிலில் வளரும் 20 கோழிகளுக்கு, ஒன்றுக்கு 100 கிராம் வீதம் நாளொன்றுக்கு 2 கிலோ தீவனம் வேண்டும். இதில் 30 சதவீதம் சிந்தினால் மாதத்துக்கு 18 கிலோ குப்பைக்குப் போகும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பி, நாளுக்கு இரண்டு, மூன்று முறை இட்டால் இந்த நஷ்டம் ஒரு கிலோவைக் கூட எட்டாது.

எந்தத் தொட்டி நல்லது?

தகரம் அல்லது பிளாஸ்டிக்கினாலான நீளத் தொட்டி சிறு கொட்டிலுக்கு ஏற்றது. அதன் விளிம்பு உட்புறமாக மடிந்திருக்க வேண்டும். மேலே சுழலும் கம்பி பொருத்தினால் கோழி ஏறி உட்கார்ந்து எச்சமிடாது. மூங்கிலையோ பி.வி.சி. குழாயையோ நீளவாக்கில் பிளந்தும் குறைந்த செலவில் தொட்டி செய்யலாம். வெட்டிய ஓரங்களைத் தேய்த்து மழுக்க வேண்டும். மண் சட்டி ஈரத்தை உறிஞ்சுவதால் உலர் தீவனத்துக்கு உகந்ததல்ல.

கயிற்றில் தொங்கவிடும் வட்டத் தொட்டியை, கோழி வளர வளர உயர்த்திக் கொள்ளலாம். எந்தத் தொட்டியானாலும் அதன் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருக்க வேண்டும்.

இட வசதி

முதல் இரண்டு வாரக் குஞ்சுக்கு 2.5 செ.மீ., அடுத்துச் சுமார் 5 செ.மீ., வளர்ந்த கோழிக்கு 10 செ.மீ. இடம் தேவை. இருபுறமும் நின்று தின்னக்கூடிய ஒரு மீட்டர் தொட்டி 20 கோழிகளுக்குப் போதும். இடம் குறைந்தால் வலுத்த கோழிகள் மற்றவற்றைக் கொத்தி விரட்டும். இரை கிடைக்காத நோஞ்சான் கோழிகளே குளிரில் முதலில் நலிந்து மடியும்.

ஈரம் கூடாது

வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் மார்கழிப் பனியும் தீவனத்தில் பூஞ்சாணத்தை வளர்க்கும். மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் உண்டாகும் பூஞ்சாண நச்சு ஈரலைக் கெடுத்து, முட்டையைக் குறைக்கும். எனவே சாரல் படாத இடத்தில் தொட்டியை வைக்க வேண்டும். அடியில் கட்டிப்பட்ட தீவனத்தைத் தினமும் சுரண்டி அப்புறப்படுத்த வேண்டும். பூசணம் பிடித்ததைக் காய வைத்து மீண்டும் கொடுக்கக் கூடாது. வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்திய பிறகே தீவனம் இட வேண்டும். தவிட்டைப் பிசைந்து கொடுப்பவர்கள் தனித் தட்டில் வைத்து, மிச்சத்தை உடனே அகற்றுவது நல்லது.

காகமும் குருவியும் தொட்டியில் வாய் வைத்தால் வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்கள் பரவ வாய்ப்புண்டு. கொட்டிலின் பக்கங்களுக்கு வலை அடிக்க வேண்டும். எறும்பு ஏறாமல் தொங்கு கம்பியில் கிரீஸ் தடவலாம். எலித் தொல்லை இருந்தால் இரவில் தொட்டியை எடுத்து மூடி வைக்கலாம். மாலையில் அடையுமுன் வயிறு நிறையத் தீவனம் கொடுத்தால் கோழிகள் இரவுக் குளிரைத் தாங்கும்.